15 கிலோ டென்ட், 40 கிலோமீட்டர் காற்று

யூடியூப்ல ஒரு வகை வீடியோ இருக்கு. வெள்ளை வெளேர்னு உறைஞ்சு கிடக்கிற ஏரி. அது மேல ஒரு சிவப்பு டென்ட் தனியா உருண்டு ஓடும். கனமான கோட்டும் பூட்ஸும் போட்ட ஒருத்தர் அதைத் துரத்திக்கிட்டே ஓடுவார். முதல்ல பார்த்தப்போ நானும் சிரிச்சேன். அப்புறம் ரஃப் நோட்டுல கணக்குப் போட்டுப் பார்த்தேன். சிரிப்பு நின்னுடுச்சு.

அந்த டென்ட் எதுக்குன்னு முதல்ல பார்ப்போம். அமெரிக்காவில் மின்னசோட்டா மாதிரி மாநிலங்களிலும், கனடாவிலும் குளிர்காலத்தில் ஏரிகள் உறைந்துவிடும். மக்கள் அந்த ஐஸ் மேல நடந்து போய், துளை போட்டு, தூண்டில் இறக்கி மீன் பிடிப்பார்கள். இதுதான் ஐஸ் ஃபிஷிங். ஏரி நடுவில் மரம் கிடையாது, கட்டடம் கிடையாது. காற்றைத் தடுக்க ஒண்ணுமே இல்லை. வெப்பநிலை மைனஸ் 20 டிகிரி, காற்று மணிக்கு 40 கிலோமீட்டர் என்றால், உடம்புக்கு அது மைனஸ் 34 டிகிரி மாதிரி இருக்கும். அந்தக் குளிரில் மூடாத தோல் அரை மணி நேரத்துக்குள்ளேயே உறைய ஆரம்பிக்கலாம். அதனால அங்கே டென்ட் சொகுசு இல்லை, பாதுகாப்பு. அது பறந்துபோச்சுன்னா நீங்க வெட்டவெளியில நிக்கிறீங்க.

கணக்கு என்ன சொல்லுது?

ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல படிச்சது ஞாபகம் இருக்கா? காற்றின் அழுத்தம் = பாதி × அடர்த்தி × வேகத்தின் வர்க்கம். மைனஸ் 20 டிகிரியில் காற்றின் அடர்த்தி ஒரு கனமீட்டருக்குச் சுமார் 1.4 கிலோ. நம்ம ஊர் 30 டிகிரி காற்றை விட இது 20 சதவீதம் அதிகம். அதாவது, அதே வேகம்தான், ஆனா அடி பலமா விழும்.

டென்ட் சுவர் 2 மீட்டருக்கு 2 மீட்டர்னு வச்சுக்கோங்க. 20 கிலோமீட்டர் காற்றில் அந்தச் சுவர் மேல விழும் விசை சுமார் 86 நியூட்டன். 40 கிலோமீட்டர் ஆனா 345 நியூட்டன், கிட்டத்தட்ட 35 கிலோ எடை. 60 ஆனா 778 நியூட்டன், ஒரு ஆள் எடைக்கு மேல. பின்பக்கம் உண்டாகும் உறிஞ்சலையும் சேர்த்தால் இன்னும் கூடும்.

இப்போ எதிர்ப்பக்கம் பாருங்க. டென்ட் எடை 15 கிலோ. ஐஸ் மேல உராய்வுக் குணகம் 0.1னு தாராளமாவே எடுத்தாலும், பிடிச்சு நிறுத்துற விசை 15 நியூட்டன்தான். கட்டாத டென்ட்டை நகர்த்த வெறும் 10 கிலோமீட்டர் காற்றே போதும்! முதலில் வழுக்கும். அடி ஓரம் எங்கேயாவது மாட்டினால், 26 கிலோமீட்டர் வாக்கில் கவிழும். அதுக்கப்புறம் உருளல்தான்.

ஆக, டென்ட்டோட எடையை நம்பிப் பிரயோஜனம் இல்லை. மொத்தச் சுமையும் ஆங்கர்லதான்.

கட்டும் வரிசை

அதிகமாகப் பயன்படுவது ஹப் டென்ட். ஒவ்வொரு சுவரின் நடுவிலும் ஒரு மூட்டு இருக்கும். அதைப் பிடித்து வெளியே இழுத்தால், கம்பிகள் வளைந்து சுவர் விறைப்பாக நிற்கும். இதை ஐஸில் பிடித்து வைக்க, திருகாணி மாதிரி மரையுள்ள ஐஸ் ஆங்கர்கள் வேணும்.

முதலில் காற்று எந்தப் பக்கமிருந்து வருதுன்னு பாருங்க. வாசல் காற்றுக்கு மறுபக்கம் இருக்கணும். எதிரா வச்சா, திறந்ததும் உள்ளே காற்று புகுந்து டென்ட் பாராசூட் ஆகிடும்.

அடுத்தது ரொம்ப முக்கியம்: டென்ட்டை விரிக்கிறதுக்கு முன்னாடியே ஆங்கர் போடணும். மடிச்ச நிலையிலேயே கீழே வச்சு, காற்று அடிக்கும் பக்க மூலைகளை முதலில் பிணைக்கணும். மேலே கிடக்கிற பனியைத் தள்ளிட்டு, கெட்டியான ஐஸ்ல திருகணும். பனிக்குள்ள திருகினா சும்மா கழண்டு வந்துடும்.

அப்புறம் காற்று அடிக்கும் பக்கச் சுவரை விரித்து, அதன் நடு மூட்டிலிருந்து ஒரு கயிற்றை வெளியே இழுத்து உடனே கட்டணும். பலர் நாலு மூலையை மட்டும் கட்டிட்டு விட்டுடுவாங்க. மூலை அடிப்பாகத்தைத்தான் பிடிக்கும். சுவர் உள்பக்கமா மடங்கிக் கம்பி உடையாம காப்பாத்துறது இந்த நடுக் கயிறுதான். கயிற்றை நீளமாக, சாய்வாக விடுங்க. தரையோடு 60 டிகிரி கோணத்தில் கட்டினால் இழுவிசையில் பாதிதான் கிடைமட்டமாக வேலை செய்யும். 30 டிகிரியில் 87 சதவீதம். மற்ற சுவர்களை அதுக்கப்புறம் விரிக்கலாம். கடைசியா, டென்ட்டின் அடி ஓரத் துணி மேல பனியைக் குவிச்சா காற்று அடியில் புகாது.

கழற்றும்போது இதையே தலைகீழாகச் செய்யணும். காற்று அடிக்கும் பக்க ஆங்கர்தான் கடைசியில் வரணும். "ஒரு நிமிஷம்தானே"ன்னு அதை முதலில் எடுத்தா, நாம ஆரம்பத்துல பார்த்த வீடியோதான்.

இன்னொரு வகை ஃப்ளிப் ஓவர். இழுத்துப்போகும் ஸ்லெட் மேலேயே கூடாரம் பொருத்தியிருக்கும். முதுகைக் காற்றுக்குக் காட்டி உட்கார்ந்தால், ஸ்லெட், சாமான், உங்க எடை எல்லாம் சேர்ந்து அதை அழுத்திப் பிடிக்கும். காற்று திசை மாறினால் சுலபமாத் திருப்பிக்கலாம். ஆனா பலத்த காற்றில் இதுக்கும் ஆங்கர் வேணும்.

கட்டின பிறகும் ரெண்டு ஆபத்து

ஒண்ணு உள்ளே. குளிருக்குப் புரொப்பேன் ஹீட்டர் வைப்பாங்க. காற்று பலமா அடிச்சா எல்லா வென்ட்டையும் அடைக்கத் தோணும். அடைத்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. காற்றுக்கு மறுபக்க வென்ட் எப்பவும் திறந்திருக்கணும். பேட்டரியில் ஓடும் அலாரம் ஒண்ணும் கூடவே இருக்கணும்.

இன்னொண்ணு காலுக்குக் கீழே. கரையிலிருந்து ஏரிக்குள் வீசும் பலத்த காற்று, மொத்த ஐஸ் தட்டையே கரையிலிருந்து பிரித்துத் தள்ளிவிடும். 2009 பிப்ரவரியில் ஈரி ஏரியில் இப்படி நடந்து, நூறு பேருக்கு மேல் மிதக்கும் ஐஸில் மாட்டிக்கிட்டாங்க, ஒருவர் இறந்துபோனார். 2023 டிசம்பர் கடைசியில் மின்னசோட்டாவின் அப்பர் ரெட் ஏரியிலும் நூறு பேருக்கு மேல் மீட்கப்பட்டார்கள்.

இங்கே ஆங்கர் கணக்கு உதவாது. டென்ட் ஐஸ்ல கச்சிதமா நிக்கும். ஆனா அந்த ஐஸே நகர்ந்து போய்க்கிட்டிருக்கும். அதனால கிளம்புறதுக்கு முன்னாடி காற்றோட வேகத்தை மட்டும் பார்க்காதீங்க, திசையையும் பாருங்க. கரையிலிருந்து உள்ளே பலமா வீசுதா? அன்னைக்கு மீன் வேண்டாம்.

நம்ம பேட்ச்ல மாஸ்டர்ஸ் பண்ண மின்னசோட்டா பக்கம் போற யாரையாவது அங்கே ஃப்ரெண்ட்ஸ் ஐஸ் ஃபிஷிங் கூப்பிட்டா, தாராளமா போங்க. டென்ட் பையைத் திறக்குறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "ஆங்கர் எங்கே?"