எரிமலைக் கல் சொல்லும் செய்தி

உடைத்த கருங்கல்லைப் பார்த்திருக்கிறீர்களா? உடைந்த இடம் மணி மணியாக மின்னும். மைசூரு சாமுண்டி மலைப் பாறையிலும் இதைப் பார்க்கலாம். இந்த மணிகளுக்குப் படிகம் என்று பெயர்.

கற்கண்டும் படிகம்தான். சர்க்கரைப் பாகு மெல்ல ஆறினால் கற்கண்டு பெரிதாக விளையும். வேகமாக ஆறினால் பொடியாகிவிடும். கல்லும் அப்படித்தான். பூமிக்கு அடியில் சில இடங்களில் பாறை உருகிக் குழம்பாகிறது. அது ஆழத்திலேயே மெல்ல ஆறினால் பெரிய படிகங்கள் உண்டாகும். சாமுண்டி மலைக் கல் இப்படி உண்டானது. குழம்பு மேலே வந்து கொட்டினால் அதுவே எரிமலை.

நம் நாட்டு எரிமலை

அந்தமான் கடலில் பாரன் தீவு இருக்கிறது. போர்ட் பிளேர் நகருக்கு 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். அங்கிருந்து சுமார் 140 கிலோமீட்டர் தூரத்தில் இந்தத் தீவு உள்ளது. இங்கே மக்கள் யாரும் வசிக்கவில்லை. இந்தியாவில் இன்றும் சீறுகின்ற எரிமலை இது ஒன்றுதான். 150 ஆண்டுகளுக்கு மேல் அடங்கிக் கிடந்தது. 1991இல் மறுபடி வெடித்தது. 2005இலும் 2017இலும் சீறியது.

கடலுக்கு அடியில் என்ன நடக்கிறது?

பூமியின் மேல் ஓடு பல தட்டுகளாக இருக்கிறது. அந்தமானுக்கு மேற்கே, கடலுக்கு அடியில், இந்தியத் தட்டு பக்கத்துத் தட்டின் கீழே மெல்லச் செருகிக்கொண்டு போகிறது. 2004 டிசம்பர் 26 அன்று இந்தச் செருகலில் பெரிய நிலநடுக்கம் வந்தது. அதனால்தான் சுனாமி எழுந்தது. நாகப்பட்டினம், கடலூர் மக்கள் அதை மறக்க முடியுமா?

கீழே போகும் தட்டு கடல்நீரையும் உறிஞ்சிக்கொண்டு போகிறது. ஆழத்தின் சூட்டில் அந்த நீர் வெளியேறுகிறது. மேலே இருக்கும் சூடான பாறைக்குள் புகுகிறது. வெல்லத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் சீக்கிரம் இளகும் அல்லவா? அதுபோல நீர் புகுந்த பாறையும் குறைந்த சூட்டிலேயே உருகுகிறது. இப்படித்தான் எரிமலைக் குழம்பு பிறக்கிறது. பாரன் தீவு, சுமத்ரா, ஜாவா எரிமலைகள் வில் போல வரிசையாக இருப்பதும் இதனால்தான்.

படிகம்தான் சாட்சி

அவ்வளவு ஆழத்துக்கு யாரும் போனதில்லை. பின் எப்படித் தெரிந்தது? படிகங்கள் சொல்லின.

பாரன் தீவுக் கல்லில் பச்சை நிற ஒலிவின் படிகம் உண்டு. இது குழம்பு ஆறத் தொடங்கும்போதே உண்டாவது. வெள்ளை நிற ஃபெல்ஸ்பார் படிகமும் உண்டு. இதில் சுண்ணாம்புச் சத்து மிக அதிகம். குழம்பில் நீர் நிறைய இருந்தால் ஃபெல்ஸ்பாரில் சுண்ணாம்புச் சத்து கூடும்.

சில படிகங்களுக்குள் ஒரு துளி பழைய குழம்பு சிக்கியிருக்கும், பிசினில் மாட்டிய எறும்பு போல. அதில் எவ்வளவு நீர் இருந்தது என்று அளக்கலாம். மரத்தை அறுத்தால் வளையங்கள் தெரியும். படிகத்திலும் வளையங்கள் உண்டு. கீழிருந்து புதுக் குழம்பு வந்தால் வளையம் மாறும்.

இதனால் என்ன பயன்?

பிலிப்பைன்ஸ் நாட்டில் பினாட்டுபோ எரிமலை 1991 ஜூன் 15 அன்று பயங்கரமாக வெடித்தது. விஞ்ஞானிகள் முன்பே எச்சரித்தார்கள். பல்லாயிரம் பேர் வெளியேறி உயிர் தப்பினார்கள். பிறகு அந்தக் கற்களை ஆராய்ந்தார்கள். பழைய குழம்புக்குள் புதிய சூடான குழம்பு புகுந்ததே வெடிப்பைத் தூண்டியது என்று தெரிந்தது. அடுத்த எரிமலையின் அறிகுறிகளைப் புரிந்துகொள்ள இந்த அறிவு உதவுகிறது.

எரிமலையையும் நிலநடுக்கத்தையும் நம்மால் தடுக்க முடியாது. ஆனால் தெரிந்துகொண்டால் தப்பிக்க முடியும். கடலோரத்தில் நிலம் பலமாக அதிர்ந்தால் காத்திருக்க வேண்டாம். உடனே மேட்டுக்குப் போங்கள். மற்றவர்களையும் அழைத்துப் போங்கள்.