பொறியியல் கல்வியும் பிரச்சினை தீர்க்கும் ஆற்றலும்

க.பொ.த. உயர்தரப் பரீட்சையின் பௌதிக விஞ்ஞானப் பிரிவில் சிறந்த பெறுபேறு பெற்றவர்களே நமது பல்கலைக்கழகங்களின் பொறியியல் பீடங்களுக்குத் தெரிவாகின்றனர். இணைந்த கணிதத்திலும் பௌதிகவியலிலும் அவர்களுக்குள்ள தேர்ச்சியில் ஐயமில்லை. எனினும், கடந்தகால வினாத்தாள்களையும் தனியார் வகுப்புகளையும் சார்ந்து பெறப்படும் இத்தேர்ச்சி, எந்த வினாவுக்கும் ஒரே ஒரு சரியான விடையே உண்டு என்ற எண்ணத்தையும் கூடவே வளர்த்துவிடுகின்றது. தொழிற்களத்தின் பிரச்சினைகள் அத்தகையவை அல்ல.

ஒலுவில் துறைமுகத்தை எடுத்துக்கொள்வோம். 2013 ஆம் ஆண்டு திறந்துவைக்கப்பட்ட இத்துறைமுகத்தின் அலைதடுப்பு அணைகள், கரையோரமாக வடக்கு நோக்கி நகரும் மணலை மறித்தன. தெற்கே மணல் குவிந்தது. துறைமுக வாயில் தூர்ந்தது. வடக்கே கடலரிப்பு தென்னந்தோட்டங்களை விழுங்கியது. அணையின் உறுதியைக் கணக்கிடுவதற்குச் சூத்திரம் உண்டு. ஆனால் மீனவரின் தொழில், காணி உரிமையாளரின் இழப்பு, மணல் அகழ்வதற்கான செலவு ஆகியவற்றை ஒருசேர நிறுத்துப் பார்ப்பதற்கு எந்தச் சூத்திரமும் இல்லை.

தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் அதே ஒலுவிலில் அமைந்துள்ளது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் அமைந்துள்ள கிளிநொச்சிக்கு வடக்கே, குடாநாட்டின் சுண்ணக்கல் நிலத்தடி நீரில் நைத்திரேற்று கலக்கும் பிரச்சினை உண்டு. மாணவருக்கு இவற்றைவிடச் சிறந்த பாடநூல் எது?

கணிதவியலாளர் ஜோர்ஜ் பொல்யா, 1945 இல் வெளியான தமது நூலில் பிரச்சினை தீர்த்தலை நான்கு படிகளாக வகுத்தார். விளங்கிக்கொள்ளல், திட்டமிடல், நிறைவேற்றல், மீள நோக்கல் என்பனவே அவை. நமது வகுப்பறைகள் மூன்றாவது படியிலேயே பெரும்பொழுதைக் கழிக்கின்றன. பிரச்சினை எது என வரையறுப்பதும் மாற்று வழிகளைத் தேடுவதுமே ஆக்கச் சிந்தனையின் பிறப்பிடமாகும். அவற்றுக்கும் புள்ளி வழங்கப்படாதவரை மாணவர் அவற்றில் நாட்டங்கொள்ளார்.

இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் 2014 இல் வாஷிங்டன் உடன்படிக்கையின் முழு உறுப்புரிமையைப் பெற்றது. சிக்கலான பொறியியல் பிரச்சினைகளைத் தீர்க்கும் ஆற்றலைப் பட்டதாரிகளிடம் அவ்வுடன்படிக்கை எதிர்பார்க்கின்றது. இவ்வாற்றலை விரிவுரையால் மட்டும் ஊட்டிவிட முடியாது. முதலாம் ஆண்டிலிருந்தே மாணவரைச் சிறு குழுக்களாகக் கரையோரத்துக்கும் கிணற்றடிக்கும் அனுப்பி, அங்குள்ள மக்களின் குறைகளைக் கேட்கச் செய்தல் வேண்டும். அவர்கள் முன்வைக்கும் தீர்வு தவறினாலும், தவறியதன் காரணத்தை ஆராய்வோருக்குப் புள்ளி வழங்கப்படல் வேண்டும்.

இதற்குப் போதிய விரிவுரையாளரும் நேரமும் தேவை என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும், காகிதத்தில் மட்டும் சரியாக அமைந்த கணக்கின் விலையைக் கரையோர மக்களே செலுத்துகின்றனர் என்பதைக் கல்விச் சமூகம் மனங்கொள்ள வேண்டும்.