நனையாத இடத்தில் ஒரு பிரதி

இருபது ஆண்டுகளுக்கு முன் மாலை ஆறு மணிக்குமேல் எங்கள் கிளைக்குள் எவரேனும் நுழைந்திருந்தால், அவர் காதில் முதலில் விழுந்திருப்பது டாட் மேட்ரிக்ஸ் அச்சுப்பொறியின் இரைச்சலாகத்தான் இருக்கும். அன்றைய கணக்கை முடித்தபின், கிளையிலுள்ள ஒவ்வொரு சேமிப்புக் கணக்கின் இருப்பும், நடப்புக் கணக்கின் இருப்பும், கடன் கணக்கின் நிலுவையும், விளிம்பில் துளையிட்ட தொடர்தாளில் வரிவரியாக அச்சாகும். மறுநாள் காலையில் கணினி இயங்க மறுத்தால், அந்தப் பட்டியலைப் பார்த்தே பணம் கொடுக்கலாம் என்பது ஏற்பாடு. 'பேரிடர் மீட்பு அறிக்கை' என்னும் பெரிய பெயர் பின்னாளில்தான் எங்கள் காதுக்கு எட்டியது. கிளையில் அதற்கு 'பேலன்ஸ் லிஸ்ட்' என்றுதான் பெயர்.

அந்தப் பட்டியல் எங்களைப் பல முறை காப்பாற்றியது. சர்வர் படுத்துக்கொண்ட நாள்களில், வரிசையில் நின்ற ஓய்வூதியர்களுக்கு அதைப் பார்த்தே பணம் வழங்கியிருக்கிறோம். ஆனால் அதை எங்கே வைத்திருந்தோம்? சர்வர் இருந்த அறைக்கு அடுத்த அறையில், இரும்பு அலமாரியில். இரண்டுக்கும் இடையே ஒரு சுவர் மட்டுமே இருந்தது. தீயோ வெள்ளமோ வந்தால், மூலமும் பிரதியும் ஒரே நேரத்தில் போகும். அக்காலத்தில் இதை எவரும் பெரிதாக எண்ணிப் பார்த்ததாக நினைவில்லை.

கோர் பேங்கிங் எனப்படும் மைய வங்கியியல் முறை வந்தபின் கணக்குகள் கிளையை விட்டு வெளியேறின. இன்று வங்கியின் முதன்மைத் தரவு மையம் ஒரு நகரிலும், அதே தரவைத் தாங்கிய மீட்பு மையம் தொலைவிலுள்ள வேறொரு நகரிலும் இயங்குகின்றன. முதலாவது நின்றால் இரண்டாவது பொறுப்பேற்கும். முக்கியமான அமைப்புகளுக்கு இதை ஆண்டுக்கு இருமுறையேனும் ஒத்திகை பார்க்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. நாள்முடிவு அறிக்கைகள் மின்னணுக் கோப்புகளாகச் சேமிக்கப்படுகின்றன. இவ்வளவுக்குப் பின்னும் சில காலம் பழைய பழக்கத்தில் நாங்கள் அச்சிட்டுக்கொண்டே இருந்தோம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. தாளைக் கையில் பிடித்தால்தான் கணக்கு இருக்கிறது என்ற நம்பிக்கை எளிதில் போவதில்லை.

எங்கள் வணிக வாடிக்கையாளர்களில் பலர் இன்றும் அந்த இரும்பு அலமாரிக் கட்டத்திலேயே நிற்கின்றனர் என்பதை நாங்கள் உணர்ந்தது மூணாற்றில் பணியாற்றியபோது. அவ்வூருக்கு மேலே சுமார் 13 கிலோமீட்டர் தொலைவில் மாட்டுப்பட்டி. அணையைப் பார்க்க வரும் பயணிகளை நம்பிய கடைகளும், தேயிலைத் தோட்ட லயங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குக் கடனில் சரக்குக் கொடுக்கும் பலசரக்குக் கடைகளும் நிறைந்த வட்டாரம் அது. அங்கிருந்து இறங்கும் குண்டளை ஆறும் மற்ற இரண்டு ஆறுகளும் கூடும் இடமே மூணாறு. பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது.

1924 சூலையில் பெய்த பெருமழையில் அந்த மலையே இடம்பெயர்ந்தது போலாயிற்று. மூணாற்றிலிருந்து மாட்டுப்பட்டி வழியாக டாப் ஸ்டேஷன் வரை தேயிலைப் பெட்டிகளைச் சுமந்து சென்ற குண்டளைப் பள்ளத்தாக்கு இரயில் அந்த வெள்ளத்தோடு போனது. பிறகு அது போடப்படவேயில்லை. இன்று அணை நிற்கும் பகுதியில் மரங்களும் மண்ணும் அடைத்து நீர் தேங்கி, அது உடைந்ததே ஊரை அழித்தது என்று அங்குள்ள முதியவர்கள் சொல்வதுண்டு. பிறகு 2018 ஆகஸ்டு. உடுமலைப்பேட்டைச் சாலையில் பெரியவாரைப் பாலம் தகர்ந்தது. மூணாறு வெளியுலகிலிருந்து துண்டிக்கப்பட்டது.

அந்த வெள்ளத்தில் எங்கள் வாடிக்கையாளர் ஒருவரின் மளிகை மொத்த விற்பனைக் கடைக்குள் நீர் புகுந்தது. மாட்டுப்பட்டிச் சிறுகடைகள் பலவற்றுக்குச் சரக்கு கொடுப்பவர் அவர். ஊரில் அனைவருக்கும் அண்ணாச்சி. அவர் கவனக்குறைவானவர் அல்லர். கணக்கைக் கணினியில் வைத்திருந்தார். சனிக்கிழமைதோறும் கடன் நிலுவைப் பட்டியலையும் சரக்கிருப்புப் பட்டியலையும் அச்சிட்டுக் கோப்பில் சேர்த்துவந்தார். கோப்பு இருந்த இடம், கணினி மேசையின் கீழ்த்தட்டு. நீர் வடிந்தபின் நாங்கள் சென்று பார்த்தபோது, கோப்பு கூழாகிக் கிடந்தது, கணினிக்குள் சேறு. "தாள்ல எடுத்து வச்சாப் பத்திரம்னு நெனச்சேன் சார்" என்றார். எங்களுக்குப் பழைய பேலன்ஸ் லிஸ்ட் நினைவுக்கு வந்தது.

இதில் இழப்பு எவ்வளவு பெரியது என்பது இரண்டொரு நாளில் தெரிந்தது. வெள்ளத்துக்குக் காப்பீடு இருந்தது; ஆனால் மதிப்பீட்டாளர் கேட்ட முதல் கேள்வி, வெள்ளம் வந்த அன்று கடையில் எவ்வளவு சரக்கு இருந்தது என்பதே. அழிந்த சரக்கைக் காட்ட இயலாது. கணக்கைத்தான் காட்ட வேண்டும். எங்கள் கிளையில் அவர் பெற்றிருந்த கடனுக்கு ஈடாக இருந்ததும் அதே சரக்கு.

அவரைக் காப்பாற்றியது ஒரு தற்செயல். ஜிஎஸ்டி படிவங்களைத் தயாரித்துக் கொடுக்கும் கணக்காளர் போடிநாயக்கனூரில் இருந்தார். சூலை மாதக் கணக்கு அடங்கிய முழுக் கோப்பையும் அண்ணாச்சி அவருக்கு மின்னஞ்சலில் அனுப்பியிருந்தார். மலைக்குக் கீழே, நனையாத ஊரில் இருந்த அந்த ஒரு பிரதியிலிருந்து சூலை இறுதி வரையிலான கணக்கு முழுவதும் திரும்பக் கிடைத்தது. மீதியிருந்த இரண்டு வாரக் கடனைச் சிறுகடைக்காரர்கள் தாமாகவே வந்து சொன்னார்கள். எல்லாரும் வந்தார்கள் என்று சொல்ல இயலாது.

அச்சிட்ட அறிக்கைக்குப் பதிலாக மின்னணுச் சேமிப்பு என்று நாங்கள் கூறும்போது, இந்த இடமாற்றமே எங்கள் கருத்தில் முதன்மையானது. தாள் நூறு பக்கமானால் அதைத் தினமும் மலையிறக்க முடியாது. மின்னணுக் கோப்பை முடியும். கணக்கின் மூன்று பிரதிகள் இருக்கட்டும்: வேலை செய்யும் கணினியில் ஒன்று, தனி ஹார்டு டிஸ்க்கில் ஒன்று, வேறு ஊரில் அல்லது கிளவுடில் ஒன்று. கிளவுடு மட்டும் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. 2020 ஆகஸ்டு 6 இரவு பெட்டிமுடியில் மண்சரிந்து லயங்களைப் புதைத்தபோது, மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் இல்லாததால் செய்தி வெளியே வந்ததே மறுநாள் காலையில்தான். எழுபது உயிர்கள் போன துயரத்துக்கு முன் கணக்கேடு ஒரு பொருட்டே அன்று. எனினும் இணையம் இருக்கும் என்று எண்ணி மலையில் எதையும் திட்டமிடலாகாது என்பதை அது காட்டிவிட்டது.

ஹார்டு டிஸ்க்கைப் பிரதி எடுத்ததும் கழற்றிவிட வேண்டும். 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய 'வான்னாக்ரை' என்னும் பிணைப்பண நச்சு நிரல், கேரளத்தில் வயநாடு, பத்தனம்திட்டை மாவட்டங்களில் ஊராட்சி அலுவலகக் கணினிகளையும் பூட்டியது. இவ்வகை நிரல், இணைத்தே வைத்திருக்கும் பிரதியையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

சட்டம் இதற்குத் தடையில்லை, மாறாக வற்புறுத்துகிறது. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்னணு ஆவணத்தை ஏற்கிறது. கணக்கைக் கணினியில் வைத்திருக்கும் வணிகர், விபத்தாலோ இயற்கைக் காரணத்தாலோ ஆவணம் அழிந்தால் நியாயமான காலத்துக்குள் மீட்கத்தக்க மின்னணுப் பிரதியை வைத்திருக்க வேண்டும் என்கிறது ஜிஎஸ்டி விதி 57. ஆண்டறிக்கைக்கான கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்கைக் காக்க வேண்டும். அத்தனை காலம் மூணாற்று ஈரத்தில் தாள் பூஞ்சை பிடிக்காமல் இருக்குமா என்பதை அங்கே ஒரு மழைக்காலம் இருந்து பார்த்தவர்களே சொல்லட்டும். பழைய அச்சுத்தாள் எடைக்குப் போய், வாடிக்கையாளரின் பெயரும் நிலுவையும் பஜ்ஜிப் பொட்டலமாகத் திரும்பி வருவதையும் நாங்கள் கண்டிருக்கிறோம். பிரதியைக் கடவுச்சொல்லால் பூட்டினால் அந்தக் கவலை குறையும். அந்தச் சொல் உரிமையாளர் ஒருவருக்கு மட்டுமே தெரிந்திருப்பது வேறொரு பேரிடர்.

உயில், சொத்துப் பத்திரம் போன்ற மூல ஆவணங்கள் தாளிலேயே இருக்கட்டும். கூடவே ஒரே ஒரு பக்கத் தாளும் வேண்டும்: பிரதிகள் எங்கே உள்ளன, யாரை அழைக்க வேண்டும், காப்பீட்டு எண் என்ன, எப்படித் திறப்பது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். அதை வீட்டில் வையுங்கள். டிஸ்க்கை வங்கி லாக்கரில் வைக்கலாம். ஆனால் தீ, திருட்டு போன்றவற்றுக்கு ஆண்டு வாடகையின் நூறு மடங்கு வரை வங்கி பொறுப்பேற்குமே தவிர, இயற்கைப் பேரிடருக்குப் பொறுப்பில்லை என்பதை எங்கள் வாயாலேயே சொல்லிவிடுகிறோம். ஆற்றங்கரைக் கடையின் பிரதியை அதே ஆற்றங்கரைக் கிளையில் வைப்பதால் பயனில்லை.

அண்ணாச்சி இப்போது தினமும் கடை அடைக்கும்முன் பிரதி எடுக்கிறார். சென்ற முறை சந்தித்தபோது வேறொன்றும் சொன்னார். மகனின் மடிக்கணினியில் பிரதியைத் திறந்து பார்த்திருக்கிறார். உள்ளே ஒன்றும் இல்லை. கணக்கு மென்பொருளைப் புதுப்பித்தபோது கோப்புறை மாறியிருக்கிறது. மூன்று மாதமாக வெற்றுக் கோப்புறையே ஒழுங்காகப் பிரதியாகிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து மாதத்தின் முதல் ஞாயிறன்று, வேறொரு கணினியில் திறந்து, ஏதேனும் ஐந்து கடைக்காரர்களின் நிலுவையைச் சரிபார்த்த பிறகுதான் சாப்பிடப் போகிறாராம்.