777 என்னும் கெட்ட பழக்கம்

தரமணி கணித அறிவியல் நிறுவனத்தில் 2004-ல் ‘கப்ரு’ ஓடத் தொடங்கியது. இமயமலைச் சிகரம் ஒன்றின் பெயர் அது. 144 கணினிகளை ஒன்றாகப் பிணைத்து ஒரே இயந்திரம்போல் வேலை வாங்கினார்கள். உலகின் வேகமான 500 கணினிகள் பட்டியலில் அந்த ஆண்டே அது இடம்பிடித்தது. இப்போது அடையாறு, தரமணி பக்கம் இப்படிப் பிணைத்த கிளஸ்டர் என்றால் யாரும் புருவம் உயர்த்துவதில்லை. அப்படி ஒன்றுக்கு நான் அட்மின். திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறித் தரமணியில் இறங்குகிறவள்.

கிளஸ்டரில் எந்தக் கணினியில் உட்கார்ந்தாலும் தெரிவது ஒரே சேமிப்பகம்தான். லஸ்டர் மாதிரியான ஃபைல் சிஸ்டம் அந்த வேலையைச் செய்கிறது. ஒரு மாணவர் ஒரு ஃபைலை சேவ் செய்கிறார். அதை யாரெல்லாம் படிக்கலாம், யாரெல்லாம் திருத்தலாம்? அவர் அதை யோசிப்பதே இல்லை. அவருக்காக நாங்கள் முன்கூட்டியே யோசித்து வைத்ததுதான் டீஃபால்ட். அதைப் பிறகு மாற்றுகிறவர்கள் ரொம்பக் குறைவு.

யூனிக்ஸ் கணக்கு எளிது. சொந்தக்காரர், அவருடைய குழு, மற்ற எல்லோரும் என்று மூன்று தரப்பு. படிக்க 4, எழுத 2, இயக்க 1. கூட்டினால் 7. சாதாரணமாக ஃபைலுக்கு 644, ஃபோல்டருக்கு 755 அமையும். அதாவது கணக்கு வைத்திருக்கும் எவரும் படிக்கலாம். உபுண்டுகூட 2021-ல் வந்த 21.04 பதிப்பில்தான் புதியவர்களின் ஹோம் ஃபோல்டரை 755-லிருந்து 750 ஆக்கியது. உரிமை கொடுத்தால் மட்டுமே திறக்க வேண்டும், கொடுக்காதவரை மூடியே இருக்க வேண்டும் என்று கணினி ஆய்வாளர்கள் சால்ட்சரும் ஷ்ரோடரும் 1975-லேயே எழுதிவிட்டார்கள்.

அப்படியானால் எல்லாவற்றையும் பூட்டிவிடலாமே? அங்கேதான் வம்பு. புதிய ஃபைலுக்கு எந்த உரிமைகளைக் கழிப்பது என்று சொல்லும் எண்ணான யூமாஸ்க்கை 077 என்று வைத்தால் சொந்தக்காரரைத் தவிர யாருக்கும் எதுவும் தெரியாது, கைடுக்கும்தான். ராத்திரி பத்து மணிக்கு ‘பர்மிஷன் டினைட்’ வரும். பையன் இணையத்தில் தேடி எல்லோருக்கும் எல்லா உரிமையும் தரும் ‘சிஎச்மாட் 777’ அடித்துவிடுவான், அதுவும் உள்ளே இருக்கிற அத்தனை ஃபோல்டருக்கும். மறுநாள் காலையில், “சரி பண்ணிட்டேன் மேம்” என்பான் பெருமையாக. ஒரு ஃபைலை அழிக்கும் உரிமை அந்த ஃபைலில் இல்லை, அது இருக்கிற ஃபோல்டரில் இருக்கிறது. ஃபோல்டர் 777 ஆனபின், உள்ளே இருக்கும் ஃபைலை எவ்வளவு பத்திரமாக 600 என்று வைத்திருந்தாலும், அடுத்த டிபார்ட்மெண்ட்காரர் அதை அழித்துவிட முடியும். ரொம்ப இறுக்கினால் ரொம்பத் திறந்துவிடுகிறார்கள்.

மயிலாப்பூர் ஒண்டுக்குடித்தனங்களில் முற்றமும் கிணறும் பொது, ஒவ்வொரு போர்ஷனுக்கும் தனிப் பூட்டு. நான் கேட்பதும் அதுதான். ஹோம் ஃபோல்டர் 700. ஒவ்வொரு ப்ராஜெக்டுக்கும் தனி ஃபோல்டர், 2770. முன்னால் இருக்கும் அந்த 2, உள்ளே புதிதாக உருவாகும் எதுவும் ப்ராஜெக்ட் குழுவின் பெயரிலேயே பதிவாகச் செய்கிறது. தற்காலிக இடமான ஸ்க்ராட்சுக்கு 1777. அதில் யாரும் எழுதலாம், ஆனால் அடுத்தவர் போட்டதை அழிக்க முடியாது.

இது மட்டும் போதாது. யூமாஸ்க் என்பது ஓடிக்கொண்டிருக்கும் ப்ரோக்ராமோடு போகிற சமாச்சாரம். லாகின் செய்த கணினியில் ஒன்று, ராத்திரி க்யூவில் ஓடும் ஜாபில் வேறொன்று என்று அமைந்துவிடலாம். அதனால் ப்ராஜெக்ட் ஃபோல்டரிலேயே யாருக்கு என்ன உரிமை என்ற பட்டியலை, டீஃபால்ட் ஏசிஎல்லை, எழுதி வைக்கிறேன். அது இருந்தால் அங்கே யூமாஸ்க்கின் பேச்சு எடுபடாது. எந்தக் கணினியிலிருந்து எழுதினாலும் ஒரே விதிதான். ஒரு ஓட்டை உண்டு: ஹோமிலிருந்து ‘எம்வி’ போட்டு நகர்த்திய ஃபைல் பழைய பர்மிஷனோடுதான் வந்து சேரும். “குழுவில் யாருக்கும் திறக்கவில்லை” என்று யாராவது வந்தால் நான் முதலில் பார்ப்பது அதைத்தான். நகர்த்தாதே, காப்பி செய் என்பேன்.

பேராசிரியர்கள் சிலருக்கு இந்தக் கெடுபிடி பிடிக்காது. விஞ்ஞானம் பொதுச் சொத்து என்பார்கள். வானிலைத் தரவுக்கு அது சரி. எல்லோரும் படிக்கிற மாதிரி ஒரு பொது ஃபோல்டர் வைத்திருக்கிறேன், அதில் எழுத இரண்டு பேருக்கு மட்டும் உரிமை. நோயாளிகளின் ஸ்கேன் படங்களுக்கு அந்த வாதம் செல்லாது. 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின், அந்தப் பேச்சை எடுப்பவர்களும் குறைந்துவிட்டார்கள்.

இன்னொன்று, யாரும் கேட்காதது. ஃபைல் சிஸ்டத்துக்கு மனிதர்களின் பெயர் தெரியாது. ஆளுக்கு ஓர் எண், அவ்வளவே. படிப்பு முடித்துப் போனவரின் எண்ணைப் புதிதாகச் சேர்ந்தவருக்குக் கொடுத்தால், அவர் விட்டுப்போன ஃபைல்கள் அன்றைக்கே இவருடையதாகிவிடும். அதனால் பழைய எண்களை நான் மறுபடி கொடுப்பதில்லை.