இரண்டு மணி நேரம் ஏன் மூன்றரை ஆனது?

சென்ற பருவ விடுமுறையில் என் முன்னாள் மாணவி ஒருத்தி சுங்கை காடுட்டில் உள்ள என் வீட்டுக்கு வந்திருந்தாள். பாலிடெக்னிக்கில் முதல் பருவத்தை முடித்தவள். அவள் குடும்பத்தில் எஸ்.பி.எம். தாண்டிப் படிக்கப் போன முதல் பிள்ளை. பாட்டி இந்த வட்டாரத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். வந்த பெண் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து மேசையில் வைத்தாள். ஏழு வண்ணங்களில், காலை ஆறு மணி முதல் இரவு பதினொன்று வரை கட்டம் போட்ட நேர அட்டவணை.

“மூணாவது வாரத்துலயே விட்டுட்டேன் டீச்சர். ரெண்டு பாடம் போச்சு. எனக்கு ஒழுங்கே இல்ல. படிப்ப நிறுத்திடலாமானு பாக்குறேன்.”

அட்டையை நன்றாகப் பார்த்தேன். எந்த இடுபணியாக இருந்தாலும் இரண்டு மணி நேரம். எந்தப் பாடமாக இருந்தாலும் ஒரு மணி நேரம். சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கவும், பேருந்துக்குக் காத்திருக்கவும், துணி துவைக்கவும் ஒரு கட்டம்கூட இல்லை. இவளா ஒழுங்கில்லாதவள்? ஏழு வண்ணத்தில் கட்டம் போட்டவளை அப்படிச் சொல்ல முடியாது. தவறியது கணக்கு. அந்தத் தவற்றுக்கு உளவியலில் ஒரு பெயரே உண்டு: திட்டமிடல் பிழை. 1970களின் பிற்பகுதியில் டேனியல் கானமன், ஆமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரு உளவியலாளர்கள் வைத்த பெயர் அது.

மாணவர்களே, வேடிக்கை என்னவென்றால் கானமனே அந்தப் பிழையில் விழுந்தவர். மனிதர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்பதை உயர்நிலைப்பள்ளி மாணவர்களுக்குக் கற்பிக்க, இஸ்ரேலில் ஒரு குழு பாடநூல் எழுதத் தொடங்கியது. கானமன் அதில் இருந்தார். ஒரு நாள், நூல் முடிய எவ்வளவு காலம் ஆகும் என்று ஒவ்வொருவரும் தனித்தனியே தாளில் எழுதினார்கள். ஒன்றரை ஆண்டிலிருந்து இரண்டரை ஆண்டுக்குள் என்றே எல்லாரும் எழுதியிருந்தார்கள். பிறகு கானமன், பாடத்திட்ட அனுபவம் மிகுந்த ஒருவரிடம், “இதைப் போன்ற மற்றக் குழுக்களுக்கு எவ்வளவு காலம் ஆனது?” என்று கேட்டார். அவர் யோசித்துவிட்டு, ஏறக்குறைய 40 விழுக்காட்டுக் குழுக்கள் முடிக்கவே இல்லை என்றார். முடித்தவர்களுக்கு ஏழிலிருந்து பத்து ஆண்டுகள் ஆயின என்றார். இத்தனையும் தெரிந்த அந்த மனிதரும் சற்று முன்புதான் இரண்டரை ஆண்டுக்குள் என்று எழுதியிருந்தார்! கடைசியில் நூல் முடிய எட்டு ஆண்டுகள் ஆயின. அதற்குள் கல்வி அமைச்சின் ஆர்வம் தணிந்துவிட்டது. நூல் எந்த வகுப்பறைக்கும் போகவில்லை.

1994இல் ரோஜர் பியூலரும் சக ஆய்வாளர்களும் கனடாவில் இதை மாணவர்களிடமே சோதித்தார்கள். பட்ட ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த 37 பேரிடம், எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். வந்த பதில்களின் சராசரி 33.9 நாள். எல்லாமே தவறாகப் போனால்? 48.6 நாள். உண்மையில் ஆனது 55.5 நாள். அவர்கள் கற்பனை செய்த மிக மோசமான நிலையையும் நிஜம் தாண்டிவிட்டது. சொன்ன நாளில் முடித்தவர்கள் ஏறக்குறைய பத்துக்கு மூன்று பேர்தான்.

ஏன் இப்படி? திட்டம் போடும்போது நாம் அந்த வேலையை மட்டும் மனத்தில் ஓட்டிப் பார்க்கிறோம். அந்தக் கற்பனையில் மடிக்கணினி முடங்குவதில்லை, தோழி பேச வருவதில்லை, ஒரு பத்தி புரியாமல் நாலு முறை படிப்பதில்லை. போன தடவை இவையெல்லாம் நடந்தன என்பது நமக்குத் தெரியும். ஆனாலும் போன தடவையை விதிவிலக்கு என்று ஒதுக்கிவிடுகிறோம்.

ஆகவே அவளிடம் புது அட்டவணை எதுவும் போடச் சொல்லவில்லை. ஒரு சின்ன நோட்டை வாங்கி மூன்று பத்திகள் கோடு போடச் சொன்னேன். வேலை, தொடங்குமுன் நினைத்த நேரம், உண்மையில் ஆன நேரம். இரண்டு வாரம் இதை மட்டும் எழுது, வேறு எதையும் மாற்றாதே என்றேன். இது ஓர் அறிவியல் பரிசோதனைதான். முன்னூகம், அளவீடு, ஒப்பீடு மூன்றும் இருக்கின்றன. அடுத்த பருவம் தொடங்கி இரண்டு வாரம் கழித்துப் புலனத்தில் படம் அனுப்பினாள். ஆய்வக அறிக்கைக்கு நினைத்தது 2 மணி, ஆனது 3 மணி 30 நிமிடம். வகுத்துப் பாருங்கள், 1.75 மடங்கு. கணிதப் பயிற்சிக்கு நினைத்தது 1 மணி, ஆனது 1 மணி 10 நிமிடம், அவ்வளவுதான். ஆகவே எல்லாவற்றையும் இரண்டால் பெருக்க வேண்டியதில்லை. எந்த வேலை எத்தனை மடங்கு இழுக்கும் என்பதை அவரவர் நோட்டுதான் சொல்லும்.

பள்ளியில் இந்தப் பிழை நம்மை அதிகம் கடிப்பதில்லை. மணி அடிக்கிறது, ஆசிரியர் துரத்துகிறார் (நானும்தான்). கல்லூரியில் இரண்டாம் வாரம் விரிவுரையாளர் ஓர் இடுபணியைச் சொல்லி, பத்தாம் வாரம் அனுப்புங்கள் என்பார். பிறகு அதைப் பற்றி வாய் திறக்கமாட்டார். ஐந்து பாடங்களும் அதே பத்தாம் வாரத்தில் வந்து நிற்கும். முதல் வாரமே எல்லாத் தேதிகளையும் ஒரே தாளில் எழுதி, அங்கிருந்து பின்னோக்கி எண்ணினால்தான் இந்த நெரிசல் கண்ணில் படும்.

இன்னொரு செய்தியை அவள் பாட்டியிடம்தான் கேட்கச் சொன்னேன். பால்மரத்தைத் தினமும் ஏன் வெட்டமாட்டார்கள்? நம் தோட்டங்களில் ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டுவதே நெடுநாள் வழக்கம். இன்று ஒரு பகுதி, நாளை மற்றொரு பகுதி. வடிந்த பாலை மரம் பட்டைக்குள் மீண்டும் உருவாக்க நேரம் வேண்டும். பேராசைப்பட்டு ஓயாமல் வெட்டினால் பட்டை வறண்டு, பால் வருவதே நின்றுவிடும். விடியுமுன் பெரட்டுக்குப் போனதற்கும் காரணம் உண்டு. குளிர்ந்த அதிகாலையில் பால்குழாய்களில் அழுத்தம் மிகுந்திருக்கும், பால் நன்றாக ஓடும். எந்த மரம், எந்த நாள், எந்த நேரம் என்பதெல்லாம் தோட்டத்தில் முன்பே முடிவானவை.

மூளை பால்மரம் அன்று, ஒப்புமையை அதிகம் இழுக்கக்கூடாது. ஆனால் இடைவெளி விட்டுப் படிப்பது பலன் தரும் என்பது பழைய அளவீடு. ஜெர்மனியின் ஹெர்மன் எபிங்ஹாஸ் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, தம்மையே சோதித்து 1885இல் நூல் வெளியிட்டார். 12 அசைகள் கொண்ட வரிசையை ஒரே மூச்சில் 68 முறை ஓதியதால் கிடைத்த பலன், மூன்று நாள்களுக்குப் பிரித்து ஓதியபோது 38 முறையிலேயே கிடைத்தது. தேர்வுக்கு முந்தைய இரவில் ஆறு மணி நேரம் உட்காருகிறவர்கள் அந்த எண்களைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம்.

‘எந்த நேரம், எங்கே’ என்பதிலும் ஒரு கணக்கு உண்டு. ஜெர்மனியில் பீட்டர் கோல்விட்சரும் வெரோனிகா பிராண்ட்ஸ்டேட்டரும் மாணவர்களுக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். கிறிஸ்துமஸ் முன்னிரவை எப்படிக் கழித்தீர்கள் என்று 48 மணி நேரத்துக்குள் எழுதி அனுப்ப வேண்டும். எப்போது, எங்கே உட்கார்ந்து எழுதுவேன் என்று முன்பே குறித்துக் கொடுத்தவர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் அனுப்பினார்கள். குறிக்காதவர்களில் மூன்றில் ஒரு பங்கினர்தான். 1997இல் வெளியான ஆய்வு இது. “இன்றிரவு படிப்பேன்” என்பதைவிட, “இரவுச் சாப்பாட்டுத் தட்டைக் கழுவியதும், நூலகத்தின் சன்னலோர மேசையில் இயற்பியல் மூன்றாம் பாடம்” என்று எழுதுவது மேல்.

ஏழு வண்ண அட்டை இன்னும் என் மேசையில்தான் கிடக்கிறது. அவள் திரும்பக் கேட்கவில்லை. தோல்வியடைந்த இரண்டு பாடங்களையும் இந்தப் பருவத்தில் மீண்டும் எடுத்திருக்கிறாள், முடிவு இன்னும் வரவில்லை. போன வாரம் வந்த படத்தில் ஆய்வக அறிக்கைக்கு நினைத்த நேரம் 3 மணி 30 நிமிடம், ஆன நேரம் 3 மணி 40. கீழே ஒரு வரி: “பத்து நிமிஷம் தோழிகூடப் பேசினது டீச்சர்.”