அன்றும் இன்றும்: விருந்தாளிக்கு எத்தனை வருடம்?

1990 ஒக்டோபர் கடைசியில் கற்பிட்டிக் கரையில் வள்ளம் வள்ளமாக மனிதர்கள் வந்திறங்கினார்கள். வட மாகாணத்தை விட்டு முஸ்லிம்கள் வெளியேற வேண்டும் என்பது விடுதலைப் புலிகளின் கட்டளை. மன்னார்த் தீவில் இருந்தவர்களுக்குச் சில நாள் அவகாசம் கிடைத்தது. ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்குக் கிடைத்ததோ இரண்டு மணி நேரம். ஐந்து வட மாவட்டங்களிலிருந்தும் ஏறத்தாழ 75,000 பேர் துரத்தப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலானோர் வந்து சேர்ந்த இடம் புத்தளம் மாவட்டத்தின் கரையோரம்.

மாரி மழை தொடங்கும் காலம் அது. பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் நிரம்பின. இடம் போதாதபோது தென்னந்தோட்டக்காரர்கள் தங்கள் காணிகளைத் திறந்துவிட்டார்கள். பின்னிய கிடுகும் கம்பும் கொண்டு தில்லையடியிலும் ஆலங்குடாவிலும் நுரைச்சோலையிலும் குடிசைகள் எழுந்தன. அரசாங்கத்தின் நிவாரணம் வருமுன்னரே உள்ளூர் அடுப்புகளில் சோறு வெந்தது. மக்காவிலிருந்து வந்தவர்களை அன்ஸாரிகள் எனப்பட்ட மதீனாவாசிகள் ஏற்ற வரலாறு இந்தக் கரையில் எல்லோருக்கும் மனப்பாடம். அன்ஸாரிகளாக நடந்துகொள்ளும் வாய்ப்பு நமக்கும் கிடைத்தது என்று பலரும் உண்மையாகவே நம்பினார்கள். “எப்ப ஊருக்குப் போவீங்க?” என்று அந்த நாளில் கேட்டவருடைய குரலில் அக்கறை மட்டுமே இருந்தது. கேட்டவருக்கும் பதில் சொன்னவருக்கும் ஒரே எண்ணம்: இரண்டு மூன்று மாதம், மிஞ்சினால் ஒரு வருடம்.

மனித உறவுகளை விளக்க எத்தனையோ கோட்பாடுகள் உண்டு. அவற்றில் பாதி, வகுப்பறையை விட்டு வெளியே வந்தால் மூச்சுத் திணறும். புத்தளத்தில் நடந்ததைப் பார்த்தால் சில தேறுகின்றன, சில தோற்கின்றன. முதலில் பிரெஞ்சு மானிடவியலாளர் மார்செல் மோஸ். கொடை பற்றிய அவருடைய நீண்ட கட்டுரை 1925இல் வெளிவந்தது. கொடுப்பது, வாங்குவது, திருப்பிக் கொடுப்பது ஆகிய மூன்றும் சேர்ந்ததே கொடை என்றார் அவர். இலவசம் என்று ஒன்று கிடையாது. வாங்கியவர் திருப்பித் தரும்வரை தாழ்ந்தே நிற்கிறார். நம் கலியாண வீடுகளில் மொய் எழுதும் கொப்பியைப் பார்த்தவர்களுக்கு இதைப் பாரிஸிலிருந்து ஒருவர் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் திருப்பித் தர வழியே இல்லாதவர் என்ன செய்வார்? மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டியில் கல்வீடும் கடையும் வைத்திருந்தவர், யாரோ ஒருவருடைய தென்னைக்குக் கீழே கிடுகுக் குடிசையில் இருந்துகொண்டு எதைத் திருப்பித் தருவார்? நன்றி சொல்லிக்கொண்டே இருப்பதும் ஒரு சுமைதான். அதைக் கேட்டுக்கொண்டே இருப்பவருக்கும் ஒரு கட்டத்தில் அலுப்புத் தட்டும்.

சோறு மட்டும் என்றால் சமாளித்திருக்கலாம். வருடங்கள் நீண்டபோது கூலியையும் கிணற்றையும் வகுப்பறையையும் பங்கிட வேண்டியதாயிற்று. கற்பிட்டிக் குடாநாட்டின் வெங்காயத் தோட்டங்களிலும் புத்தளத்து உப்பளங்களிலும் வந்தவர்கள் குறைந்த கூலிக்கு இறங்கினார்கள். அவர்கள் வீட்டில் நிவாரண அரிசி இருந்தது, உள்ளூர்க் கூலியாளின் வீட்டில் இல்லை. கிணறு ஒன்று, வாளிகள் பல. பாடசாலையிலும் இடம் போதவில்லை. பல்கலைக்கழக அனுமதி பெருமளவு மாவட்ட ஒதுக்கீட்டில் நடக்கும் நாட்டில், வெளிமாவட்டத்துப் பிள்ளை ஒருவர் கெட்டிக்காரராக இருப்பதே உள்ளூர்ப் பெற்றோருக்கு வயிற்றெரிச்சல். “எப்ப ஊருக்குப் போவீங்க?” என்ற அதே கேள்வி இப்போது வேறு மாதிரி ஒலித்தது.

இந்த இடத்தில் மோஸை விட நோர்பேர்ட் எலியாஸ் உதவுகிறார். ஜோன் ஸ்கொட்சனுடன் சேர்ந்து அவர் 1965இல் ஒரு நூல் வெளியிட்டார். இங்கிலாந்தில் லெஸ்டர் நகருக்கு அருகே தொழிலாளர் குடியிருப்பு ஒன்று. அங்கே இருந்த இரு பகுதியாருக்கும் ஒரே இனம், ஒரே மொழி, ஒரே மாதிரியான வேலையும் வருமானமும். ஒரு பகுதியார் முன்பே வந்தவர்கள், மற்றவர்கள் பிந்தி வந்தவர்கள். வித்தியாசம் அவ்வளவுதான். அதுவே போதுமாயிருந்தது. முன்பே வந்தவர்கள் ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள், சங்கங்களும் பதவிகளும் அவர்கள் கையில். பிந்தி வந்தவர்களுள் மிக மோசமான ஆளைக் காட்டி எல்லோரையும் எடைபோட்டார்கள், தங்களை எடைபோட மிகச் சிறந்தவரைக் காட்டினார்கள்.

இதை வாசிக்கும் புத்தளத்தார் யாரும் லெஸ்டர் எங்கே இருக்கிறது என்று தேட மாட்டார்கள். இங்கேயும் இரு தரப்பும் தமிழ் பேசும் முஸ்லிம்கள். தொழுகை வரிசை ஒன்று, நோன்பு ஒன்று. ஆனால் களவு போனால் முதலில் முகாம் பக்கம் பார்வை போனது. முகாமிலும் இதே எடைபோடல் தலைகீழாக நடந்தது: யாழ்ப்பாணத்தார் தம் படிப்பைச் சொன்னார்கள், மன்னார்க்காரர் தம் வியாபாரத்தைச் சொன்னார்கள், இரு தரப்புமே உள்ளூராரை நாட்டுப்புறத்தார் என்றார்கள். ஒரே மதத்தார் சேர்ந்துவிடுவார்கள், வேறு மதத்தார் மோதிக்கொள்வார்கள் என்று நம் அரசியல்வாதிகள் வைத்திருக்கும் கோட்பாடு இந்தக் கரையில் தோற்றது.

எலியாஸிடமும் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. அவர் குடியிருப்புக்குள்ளேயே நிற்கிறார். புத்தளத்தில் உரசலை உண்டாக்கிய பெரிய கை குடியிருப்புக்கு வெளியே இருந்தது. ஒரு மாவட்டத்தின் கிணறு, காணி, கூலி, வகுப்பறை எல்லாவற்றிலும் பல்லாயிரம் பேரைச் சேர்த்துவிட்டு, அதற்கேற்ற கிணறும் வகுப்பறையும் கட்டாமல் வருடக்கணக்கில் நிவாரண அரிசியோடு நிறுத்திக்கொண்டது அரசு. விருந்தோம்பலின் செலவை உள்ளூர் ஏழை தலையில் கட்டிவிட்டு, உறவு கெட்டதற்கு மனித சுபாவத்தைக் குற்றம் சொல்வது நியாயமில்லை. பேராதனைப் பல்கலைக்கழகப் புவியியல் பேராசிரியர் எஸ். எச். ஹஸ்புல்லாஹ் 2018இல் காலமாகும்வரை இந்த மக்களைப் பற்றி எழுதினார், பேசினார். எருக்கலம்பிட்டிக்காரரான அவர் மறக்கப்பட்டவர்கள் என்று சொன்னது வடக்கு முஸ்லிம்களை. அவர்களுக்கு இடம் கொடுத்தவர்களும் மறக்கப்பட்டார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இன்று கிடுகுக் குடிசைகளைத் தேடினால் கிடைப்பது கடினம். நகையை விற்றும் வெளிநாட்டு உழைப்பைச் சேர்த்தும் சில பேர்ச் காணி வாங்கினார்கள். 2007இல் உலக வங்கியின் உதவியோடு வீடமைப்புத் திட்டம் வந்தது, கல்வீடுகள் எழுந்தன. 2009இல் போர் முடிந்ததும் மன்னாருக்கும் யாழ்ப்பாணத்துக்கும் திரும்பியவர்கள் உண்டு. ஆனால் முழுக் குடும்பமாகத் திரும்பியவர்களைவிட, தகப்பன் அங்கே காணியைத் துப்புரவாக்க, பிள்ளைகள் இங்கே படிக்க என்று இரண்டு ஊரிலும் கால் வைத்தவர்களே கண்ணில் அதிகம் படுகிறார்கள். முப்பது வயதைத் தாண்டியவர் பலர் இங்கேயே பிறந்தவர்கள், இங்கேயே கலியாணம் முடித்தவர்கள். கேலி பேசிய வீட்டுக்கு மருமகள் வந்த பிறகு கேலியின் தொனி மாறத்தான் செய்யும். இதைப் பெரிய கோட்பாடு எதுவும் போதிய அளவு மதிப்பதில்லை என்பது என் எண்ணம்.

இரு தரப்பும் சேர்ந்தால்தான் தீரும் பிரச்சினை வந்தால் பகை குறையும் என்று 1954இல் அமெரிக்காவில் சிறுவர் முகாம் ஒன்றில் முசாபர் ஷெரீப் நடத்திய பரிசோதனை காட்டியது. கொழும்புக் குப்பையை அறுவக்காட்டில் கொட்டும் திட்டத்தை எதிர்த்து 2018இல் புத்தளம் ஒன்றாக வீதிக்கு இறங்கியது. யார் எந்த ஊரில் பதிந்தவர் என்று குப்பையின் நாற்றம் கேட்காது.

ஆனால் அரசு கேட்கிறது. இடம்பெயர்ந்தோர் பழைய ஊரிலேயே வாக்காளராகப் பதிய 2013இல் விசேட சட்டம் ஒன்று வந்தது. 2019 நவம்பர் 16 ஜனாதிபதித் தேர்தலன்று புத்தளத்திலிருந்து மன்னாருக்கு வாக்களிக்கப் போனவர்களின் பஸ் வண்டிகள் மீது தந்திரிமலைப் பக்கத்தில் துப்பாக்கிச் சூடும் கல்வீச்சும் நடந்தன. வெளியேற்றப்பட்டு 29 வருடங்களுக்குப் பிறகும் வாக்குப் போடப் பஸ் ஏற வேண்டியிருந்தது. இங்கே பதிந்தால் அங்கே காணி போய்விடும், அங்கே பதிந்தால் இங்கே பாடசாலையிலும் வேலையிலும் கேள்வி வரும் என்ற பயம் பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. வடக்கில் காணி உரிமையும் புத்தளத்தில் வதிவுரிமையும் ஒன்றையொன்று வெட்டாது என்று எழுத்தில் உறுதி தரவேண்டியது அரசாங்கத்தின் வேலை. அதுவரை பக்கத்து வீட்டாரிடம் எப்போது ஊருக்குப் போவீர்கள் என்று கேட்பதையாவது நாம் நிறுத்திக்கொள்ளலாம்.