டிஸ்க் வரலைன்னா லினக்ஸ் ஏன் நிக்குது?

முதல்ல டீயைக் குடிங்க தம்பி. திரையில சிவப்பு நட்சத்திரம் இப்படியும் அப்படியும் ஓடிச்சு, ஒன்றரை நிமிஷம் கழிச்சு 'எமர்ஜென்சி மோட்'னு நின்னுடுச்சு, அதானே? உங்க ஃபைல் எல்லாம் பெரும்பாலும் பத்திரமாத்தான் இருக்கும். பயந்துபோய் லினக்ஸை மறுபடி இன்ஸ்டால் மட்டும் பண்ணிடாதீங்க.

எட்சி டைரக்டரியில எஃப்எஸ்டேப்னு ஒரு ஃபைல். எந்த டிஸ்க்கை எங்கே மவுன்ட் பண்ணணும்னு வரிக்கு ஒண்ணா அதுல இருக்கும். பூட் ஆகும்போது சிஸ்டம்டிங்கிற புரோகிராம் அதைப் படிக்கும். வேற மாதிரி சொல்லாத வரைக்கும் எல்லா டிஸ்க்கும் அதுக்குக் கட்டாயம்தான். நீங்க கழட்டி அலமாரியில வெச்ச பேக்கப் டிஸ்க்கும் சேர்த்து. வழக்கமா 90 விநாடி பார்க்கும். லிஸ்ட்ல பேர் இருக்கிற பயணி ஏறாம வண்டியை எடுக்க மாட்டேன்னு நிக்கிற டிரைவர் மாதிரிதான். அது நிக்கிறது சரின்னுதான் நான் சொல்வேன். டேட்டாபேஸ் இருக்கிற டிஸ்க் வராமலே டேட்டாபேஸ் கிளம்பிட்டா, காலி டைரக்டரியில புதுசா எழுத ஆரம்பிச்சிடலாம். அந்தக் குழப்பத்தைப் பிரிச்செடுக்கிறது பெரும்பாடு.

டிஸ்க்கைக் கழட்டவே இல்லைங்கிறீங்களா? அப்போ அடையாளம் மாறியிருக்கலாம். ஃபார்மேட் பண்ணினா யூயூஐடிங்கிற அடையாளக் குறி புதுசாயிடும், எஃப்எஸ்டேப்ல பழசே கிடக்கும். யூயூஐடிக்குப் பதிலா எஸ்டிபி1னு டிவைஸ் பேரை எழுதியிருந்தா இன்னும் மோசம். கெர்னல் டிஸ்க்குகளைக் கண்டுபிடிக்கிற வரிசையைப் பொறுத்து அந்தப் பேர் வேற டிஸ்க்குக்குப் போயிடலாம்.

இப்போ உள்ளே போங்க. ரூட் பாஸ்வேர்ட் கேட்டா கொடுங்க. ரூட் கணக்கு பூட்டியிருக்குன்னு சொன்னா, லைவ் யூஎஸ்பியில பூட் பண்ணி, ரூட் பார்ட்டிஷனை மவுன்ட் பண்ணிட்டு அதுல இருக்கிற எஃப்எஸ்டேப்பைத் திருத்துங்க. உள்ளே விட்டுட்டா, எந்த டிஸ்க்குக்காகக் காத்திருந்துதுன்னு ஜர்னல்சிடிஎல் சொல்லும். எல்எஸ்பிஎல்கே கட்டளையை எஃப் ஆப்ஷனோட கொடுத்தா நிஜமா இருக்கிற யூயூஐடி எல்லாம் வரும். அதையும் எஃப்எஸ்டேப்ல இருக்கிறதையும் பக்கத்துல வெச்சு எழுத்தெழுத்தா ஒப்பிடுங்க. ரூட் 'ரீட் ஒன்லி'யா இருந்தா முதல்ல ரீமவுன்ட் பண்ணணும், இல்லாட்டி சேவ் ஆகாது.

யூயூஐடி மாறியிருந்தா திருத்துங்க. டிஸ்க் திரும்ப வரவே வராதுன்னா வரிக்கு முன்னாடி ஹேஷ் குறி போடுங்க. எப்பவாவது செருகுற டிஸ்க்னா, அந்த வரியோட நாலாவது காலத்துல (ஆப்ஷன் இருக்கிற இடம்) 'நோஃபெயில்'னு சேருங்க. வந்தா மவுன்ட் ஆகும், வரலைன்னா பூட் அதுபாட்டுக்குப் போகும். ரீபூட் பண்றதுக்கு முன்னாடி ஃபைண்ட்எம்என்டியை வெரிஃபை ஆப்ஷனோட ஓட்டிப் பாருங்க. எழுத்துப்பிழையை அங்கேயே காட்டிடும்.

நோஃபெயில் போட்டாச்சுன்னா ஒரு விஷயத்துல கவனமா இருங்க. டிஸ்க் வராத ராத்திரியிலும் உங்க பேக்கப் ஸ்கிரிப்ட் ஓடும். எல்லாத்தையும் ரூட் டிஸ்க்குல, பேக்கப் டிஸ்க் மவுன்ட் ஆக வேண்டிய காலி டைரக்டரியில கொட்டி, இடத்தையே நிரப்பிடும். அதனால ஸ்கிரிப்ட்டோட ஆரம்பத்துலயே 'மவுன்ட்பாயின்ட்' கட்டளையால சோதிச்சு, டிஸ்க் இல்லைன்னா அங்கேயே வெளியேறிடுற மாதிரி எழுதிடுங்க.